அதட்டாத சூப்பர்வைசர்

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். முன்பு இருந்தவர் சத்தம் போட்டே பீஸ் இறக்குவார். எனக்கு அதட்ட வராது. "இப்படி இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்" என்கிறார் மேனேஜர். மாறித்தான் ஆக வேண்டுமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: அம்மணி, பழையவர் டீக்குப் போன நேரத்தில் எத்தனை பீஸ் இறங்கியது? அதைக் கேளுங்கள் முதலில். அமெரிக்காவில் அயோவாவில் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்து, உளவியலாளர் கர்ட் லெவினும் சகாக்களும் இதைத்தான் பார்த்தார்கள். 1939-இல் வெளியான ஆய்வு. உத்தரவு போட்டே நடத்திய குழுவில், தலைவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்திய குழுவில் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

பாதி ஆயுளைத் தையல் பகுதியில் கழித்தவன் நான். கத்துகிறவர் லைனில் தையல் விட்ட பீஸ் சத்தமில்லாமல் பண்டலுக்குள் போய்விடும். சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் செக்கிங்கில் யாரோ பார்த்துக்கொள்ளட்டும்! டொயோட்டா கார் ஆலைகளில் குறை கண்ட தொழிலாளியே கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் வந்து பார்ப்பார். அங்கேயே சரியாகாவிட்டால் லைன் நிற்கும். திட்டு விழும் என்று தெரிந்தால் யார் கயிற்றைத் தொடுவார்?

அதற்காக எல்லோரிடமும் ஒரே மாதிரி நடக்காதீர்கள். நேற்றுவரை கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) இருந்துவிட்டு இன்று மெஷினில் உட்கார்ந்த பெண்ணிடம் "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றால் முழிப்பாள். பக்கத்தில் நின்று காட்டிக்கொடுங்கள். வருடக்கணக்காகப் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் அக்காவுக்கு அப்படிப் பாடம் எடுத்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். கீழ் மடிப்பு ஏன் அலை அலையாக வருகிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "பிரஷர் ஜாஸ்தி, லூஸ் பண்ணச் சொல்லு" என்று தலை நிமிராமலே சொல்லுவார். ஆள் பழகப் பழகப் பிடியைத் தளர்த்து என்பதைத்தான் 1969-இல் மேலாண்மை அறிஞர்கள் பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் கோட்பாடாகவே எழுதினார்கள்.

கண்டெய்னர் வாசலில் நிற்கும் நாளில் மட்டும் கலந்து பேச உட்காராதீர்கள். "இதை முதலில் முடி" என்றால் போதும். மற்ற நாளில் காது கொடுத்திருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேனேஜரிடம் வாதாட வேண்டாம். செக்கிங் நோட்டில் உங்கள் லைனில் சரிசெய்யத் திரும்பி வந்த ஆல்டர் பீஸ் கணக்கை, பழைய சூப்பர்வைசர் காலத்துக் கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஐ.டி. டீம் லீட் எதிலும் தலையிட மாட்டார். எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்". நல்ல மனிதர்தானே?
(வாசகர், சென்னை)

பதில்: கிளையன்ட் கொதித்தால் முன்னால் வந்து நிற்கிறாரா? இன்கிரிமென்ட் நேரத்தில் உங்களுக்காகப் பேசுகிறாரா? ஆம் என்றால் கொடுத்து வைத்தவர் நீங்கள். இல்லையென்றால், சிக்கல்தான். மேலே சொன்ன அயோவா ஆய்வில் 'எப்படியோ போங்கள்' என்று விட்ட குழுவும் ஒன்று இருந்தது. வேலை குறைவு, தரமும் மட்டம். வாரம் ஒருமுறை கால் மணி நேரம் நீங்களே கேட்டு வாங்குங்கள். எந்த வேலை முதலில் என்பதை மெயிலில் வாங்கிவிடுங்கள்.