ஆற்றைப் பார்த்தீர்களா?

அன்புள்ள அண்ணா,
பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றங்கரையிலுள்ள ஃபேர்மவுண்ட் நீரேற்று நிலையத்தில் நண்பர் மகளின் கல்யாண விருந்து. கிரேக்கக் கோயில் மாதிரி வெள்ளைத் தூண்கள், எத்தனை அழகு! ஆனால் ஊருக்கே தண்ணீர் கொடுத்த இடத்தில் விருந்து வைப்பது உறுத்தியது. இது சரியா?
ர., நியூஜெர்சி

அன்புள்ள ர.,

விருந்து வைக்கட்டும். வாடகை வந்தால்தான் கூரை ஒழுகாது. அங்கே 1911 முதல் 1962 வரை மீன் காட்சியகம் இருந்தது, பிறகு நீச்சல்குளம். இதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

நிலையத்தை 1909இல் ஏன் மூடினார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லையே, அதுதான் வருத்தம். தூணைப் பார்த்த கண் ஆற்றைப் பார்க்க வேண்டாமா?

1793இல் மஞ்சள் காய்ச்சலில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த ஊர் அது. நல்ல தண்ணீருக்குத் தவித்தது. ஃப்ரெடெரிக் கிராஃப் கட்டிய இந்த நிலையம் 1815இல் ஓடத் தொடங்கியது. நீராவி எஞ்சின்கள் விறகைத் தின்று தீர்த்தன. எனவே ஆற்றில் அணை கட்டி, 1822 முதல் சக்கரம் வைத்து, ஆற்றின் விசையாலேயே ஆற்றுநீரைக் குன்றுக்கு ஏற்றினார்கள். (அந்தக் குன்றில்தான் இன்று கலை அருங்காட்சியகம் நிற்கிறது.)

தண்ணீர் கெடக்கூடாதென்று 1844இல் லெமன் ஹில் நிலத்தை நகரமே விலைக்கு வாங்கியது. நீங்கள் காலாற நடந்திருப்பீர்களே, அந்தப் பூங்கா அப்படித்தான் தொடங்கியது. குடிதண்ணீருக்காக வாங்கிய நிலம் அது, உலாவுவதற்காக அல்ல! ஆனால் கரையை எத்தனை மைல் வாங்க முடியும்? மேலே ஆலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள், ஊர்களின் சாக்கடை. எல்லாம் ஆற்றில் கலந்தன. டைஃபாய்டு வந்தது. நீரை மணலில் வடிகட்ட வேறிடங்களில் பெரிய நிலையங்கள் கட்டினார்கள், இது தேவையற்றுப் போனது. பம்புகள் நன்றாகத்தான் இருந்தன, தம்பி. அவை ஏற்றிய தண்ணீரைத்தான் குடிக்க முடியவில்லை.

அடுத்தமுறை கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். 2003இலிருந்து அங்கே ஆற்றுநீர் பற்றிய கல்விக்கூடம் நடக்கிறது. நன்னீர்ச் சிப்பிகளையும் வளர்க்கிறார்கள், தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர்கள் அவை. வளர்ந்ததும் ஆற்றில் விடுவதற்கு. நகக்கண் அளவு சிப்பிகளைக் கண்ணாடி வழியே பார்த்தபடி அரைமணி நேரம் நின்றுவிட்டேன். நேரமாகிறதென்று மனைவி இரண்டுமுறை கூப்பிட்டும் காதில் விழவில்லை.