சாளைக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தோட்டத்துச் சாளையில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். தற்காப்புக்காக அப்பா பேரில் .32 கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. அவருக்கு 64 வயது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. சின்னதாக, கைக்கு அடக்கமாக எதை வாங்குவது?"

லைசென்ஸ் வந்துவிட்டதால் மனு, போலீஸ் விசாரணை பற்றியெல்லாம் பேச வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்குப் புதிய இந்திய ரிவால்வர்தான் சரி. பிஸ்டல் வேண்டாம்.

பிஸ்டலில் மேலே உள்ள ஸ்லைடை அழுத்திப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் தோட்டா குழலுக்கு ஏறும். மண்வெட்டி பிடித்த கையாகவே இருக்கட்டும், விரல் மூட்டு வலிக்கிற வயதில் நடுச்சாமத்தில் தூக்கக் கலக்கத்தோடு அதைச் செய்வது கடினம். தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். ரிவால்வரில் விசையை இன்னொரு முறை இழுத்தால் போதும், சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்கள் பல லட்சத்துக்குப் போவதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1980-களிலிருந்து தனியாருக்குப் பொதுவாக இறக்குமதி கிடையாது. அந்த விலை தட்டுப்பாட்டுக்கான விலை.

கைக்கு அடக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அப்பா இதை இடுப்பில் மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போகப் போவதில்லை. சாளையில் இருக்கப் போகிற துப்பாக்கி சிறியதாக இருப்பதால் லாபம் ஒன்றும் இல்லை. எடை குறையக் குறைய சுடும்போது கையில் உதை கூடும், குழல் குட்டையானால் குறி தவறும். 2014-ல் கான்பூரிலிருந்து வந்த 'நிர்பீக்' ரிவால்வர் டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக்கிலோ. அப்போதே விலை ஏறக்குறைய 1.22 லட்சம். 250 கிராம் 'நிடர்' .22 ரகம், உங்கள் லைசென்ஸுக்கே பொருந்தாது. 2023-ல் வந்த 'பிரபல்' ரிவால்வர் சுமார் 700 கிராம். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பழைய மாதிரிகளைப் போல நடுவில் மடக்க வேண்டியதில்லை. நான் முதலில் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அப்பாவையே கடைக்குக் கூட்டிப் போங்கள். சிலிண்டர் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கடைக்காரர் அனுமதியோடு, அவர் காட்டும் பக்கமாகக் குழலை நீட்டி, பின்னால் உள்ள ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தி) கையால் இழுக்காமல் விசையை மட்டும் ஆறு முறை இழுக்கச் சொல்லுங்கள். ஆறாவது முறையும் குழல் முனை ஆடாமல் இருந்தால் அந்தத் துப்பாக்கி அவர் கைக்குப் பொருந்தும். மூன்றாவது முறையே விரல் தடுமாறினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

விலை கேட்கும்போது வரியோடு கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. ஒன்றரை லட்சத்தையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடாதீர்கள். சுவரில் பதிக்கும் சிறிய இரும்பு லாக்கர், தோட்டா, ரைபிள் கிளப்பில் பயிற்சி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பட்ஜெட்டுக்குள் புதியது அடங்காவிட்டால் பழையதைப் பார்க்கலாம். ஹேமரை ஏற்றி வைத்துச் சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். தனியாரிடம் வாங்கினால் விற்பவர் கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற வேண்டும். அப்புறம் தோட்டா. ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. இரண்டையும் .32 என்றே சொல்வார்கள். பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நோம்பிக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். தலையணைக்கு அடியிலோ பீரோவிலோ வைக்கிற பேச்சே கூடாது. லாக்கர் சாவி அப்பாவிடம் மட்டும் இருக்கட்டும்.

காட்டுப்பன்றி விரட்டவும் ஆகும் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். லைசென்ஸ் அதற்குக் கொடுக்கப்படவில்லை.

ஒன்றை மனசு விட்டுச் சொல்கிறேன். நம் பக்கத்தில் தனிச் சாளைகளில் பெரியவர்களுக்கு நடந்த கொடுமைகளைக் கேட்டு எனக்கும் தூக்கம் கெட்டிருக்கிறது. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் லாக்கரில் இருக்கும் ரிவால்வர், கதவு உடைவதற்கு முன்பே அப்பா விழித்திருந்தால்தான் உதவும். அந்த நேரத்தைக் கொடுப்பவை கட்டுத்தரைப் பக்கம் எரியும் விளக்கு, உள்பக்கம் இரும்புத் தாழ் போட்ட கதவு, நல்ல நாய். இவற்றை முதலில் செய்யுங்கள். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், பல வாரம் கையில் இருக்காது. லைசென்ஸ் அம்மா பேரில் இல்லை என்பதால், அப்பா வெளியூர் போகும்போது துப்பாக்கியை அம்மாவிடமோ பண்ணையத்து ஆளிடமோ கொடுத்துவிட்டுப் போகவும் கூடாது. அப்படிப்பட்ட இரவுகளில் அம்மா உங்களோடு திருப்பூரிலோ, ஒறம்பரை வீட்டிலோ தங்கட்டும்.