தருமபுரியிலிருந்து சந்திரதால் ஏரிக்குப் போக வத்தல்மலை ஏறிப் பழகினால் போதுமா?

வத்தல்மலை ஏறினால் கால் வலுப்படும், தாராளமாக ஏறுங்கள். ஆனால் இமாச்சலத்தின் ஸ்பிதி பகுதியில் இருக்கும் சந்திரதால் சுமார் 4,250 மீட்டர் உயரம். தருமபுரி 500 மீட்டர்கூட இல்லை. ஏரி இருக்கும் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. திடகாத்திரமான இளைஞர்களும் படுத்துவிடுவார்கள்.

அதனால் எந்த வழியில் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மணாலியிலிருந்து ஒரே நாளில் போய்விடலாம் என்பார்கள். 2,000 மீட்டரில் தூங்கி எழுந்து மறுநாள் இரவே 4,200இல் படுப்பது, என்னைக் கேட்டால், வேண்டவே வேண்டாம். பெங்களூர் போய் டெல்லிக்கு ரயில் ஏறுங்கள். அப்புறம் சிம்லா, கின்னௌர், காசா என்று மெல்ல ஏறி, காசாவில் இரண்டு இரவாவது தங்கி, குன்சும் கணவாய் தாண்டி ஏரியைக் கடைசியில் பாருங்கள். கணவாய் பனியில் மூடிக் கிடக்கும் மாதங்களே அதிகம். மழை ஓய்ந்த செப்டம்பர் நல்லது.

கரையில் கூடாரம் போட அனுமதியில்லை, சற்றுத் தள்ளித்தான் தங்க வேண்டும். தலைவலியோடு வாந்தி வந்தாலோ நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறங்குங்கள். ஏரிப் பக்கம் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. காசாவிலேயே வீட்டுக்குப் பேசிவிடுங்கள்.