டிராக்டருக்கு எடை எந்தப் பக்கம் வேண்டும்?

கேள்வி: மீஞ்சூர் பக்கம் நெல், உளுந்து போடுகிறேன். பழைய 45 எச்பி டிராக்டர். ரொட்டவேட்டரை (பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்க மாட்டேன் என்கிறது. ஒன்பது கொத்துக் கலப்பை போட்டால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கம்பெனி வெயிட் வாங்க இப்போது வசதியில்லை. நானே செய்து மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். ஆனால் நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு, மருந்தும் வேறு வேறு.

முதலில் முன்பக்கம். ரொட்டவேட்டர் பின்னச்சுக்கு வெளியே தொங்குவதால், தூக்கியவுடன் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைக் கிளப்பும். கருவியோடு சேர்த்த மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டியரிங் பிடிக்கும். இதற்குக் கான்கிரீட் கட்டையே போதும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 10 அங்குல உயரத்தில் பெட்டி அடித்து, உள்ளே கம்பி வலை கட்டி, போல்ட்டுகளை முன்கூட்டியே பதித்து 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) ஊற்றுங்கள். சுமார் 110 கிலோ வரும். முன்னச்சுக்கு முன்னால் தள்ளி இருப்பதால் அதன் சொந்த எடையைவிடக் கூடுதலாகவே முன்சக்கரத்தை அழுத்தும். இரண்டு வாரமாவது நனைத்துவிட்டு மாட்டுங்கள். வெயிட் மாட்ட டிராக்டரிலேயே விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட வேண்டும். பம்பர் தகட்டில் தொங்கவிட்டால் ஒருநாள் கழன்று முன்சக்கரத்துக்கு அடியிலேயே விழும்.

மணல் மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுவதும் அப்படித்தான், மழையில் நனைந்து சாக்கு கிழிந்தால் கதை முடிந்தது. எடைக்காக ஆளை பம்பரிலோ கலப்பையிலோ உட்கார வைப்பதை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இரும்புதான் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் பழைய லாரி பிரேக் டிரம், பிளைவீல் எடைக்குக் கிடைக்கும். நடுத்துளையில் தடித்த கம்பி கோத்து முறுக்கினால் ஆடாது. யாராவது தண்டவாளத் துண்டு தருகிறேன் என்றால் மட்டும் தொடாதீர்கள். ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அடுத்து பின்சக்கரம். எடை ஏற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். அப்புறம் கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டர், பிறகு 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம், அது சரி. 30 மீட்டருக்கு வந்தால்தான் எடை தேவை. அதற்கு முன் டயர் பொத்தான் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடு) தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வழுக்கை டயருக்கு எத்தனை எடை ஏற்றியும் பலனில்லை.

மலிவான வழி, டயரில் தண்ணீர். வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு ஆகும். மீதிக்குக் காற்று. குளிர்நாடுகளில் உறையாமல் இருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்கள், நமக்கு அந்தக் கவலையில்லை. உங்களுக்கு வேறொரு கவலை உண்டு: மீஞ்சூரில் கடல்நீர் புகுந்த கிணறுகள் அதிகம். உப்புத் தண்ணீர் வால்வையும் ரிம்மையும் அரிக்கும், நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள்.

இந்தத் தண்ணீர் புழுதி உழவுக்கு மட்டும்தான். தொழி உழவுக்கு (சேற்றுழவு) முன் வடித்துவிட்டு கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் களிமண்ணில் வண்டி புதையும். வரப்பு செங்குத்தாக இருந்தால், முன்னால் கட்டை மாட்டியிருந்தாலும் ரிவர்ஸிலேயே ஏறுங்கள்.