ரெட் இங்க் விழுந்த சிப்பாய்க்கு ப்ரமோஷன் கொடுக்கலாமா?

"பணிக்காலத்தில் பெரிய தப்பு செய்து தண்டனை வாங்கிய ராணுவ வீரருக்குப் பின்னாளில் பதவி உயர்வு கொடுப்பது சரியா?" என்பது கேள்வி.

எந்த நாட்டு ராணுவம் என்று கேட்டவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இந்திய ராணுவம். அதிலும் நான் துப்பாக்கி பிடித்ததைவிட டைப்ரைட்டர் தட்டியதுதான் அதிகம். பட்டாலியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக பென்ஷன் வந்தவன். யாருக்கு என்ன தண்டனை, யார் ப்ரமோஷன் எதனால் நின்றது என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரெட் இங்க் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிப்பாய்க்கும் கண்டக்ட் ஷீட் என்று ஒரு தாள் உண்டு. கடுங்காவல் மாதிரிப் பெரிய தண்டனை என்றால் அதில் சிவப்பு மையில் ஏறும், சில்லறைத் தண்டனை கறுப்பு மையில். ராணுவச் சட்டம் 1950-இன் 80-ஆம் பிரிவுப்படி, கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவ நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாமலே சி.ஓ., அதாவது பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர், ஒரு சிப்பாயை 28 நாள் வரை உள்ளே வைக்கலாம். தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, லெஃப்ட் ரைட் போட்டு சி.ஓ. அறைக்குள் கூட்டிப் போவார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வரும்போது "28 நாள் ஆர்.ஐ.", அதாவது கடுங்காவல், முடிவாகியிருக்கும். அந்த ஐந்து நிமிடம் அடுத்த இருபது வருடத்துக்கும் அந்த ஆள் கூடவே வரும்.

காரணம் எளிது. சி.ஓ. இரண்டு, இரண்டரை வருடத்தில் மாறிப் போய்விடுவார். புதிதாக வருபவருக்கு ஆளைத் தெரியாது, தாளைத்தான் தெரியும். ப்ரமோஷனுக்குப் பெயர் வரும்போது ரிப்போர்ட், கோர்ஸ், மெடிக்கல், ஒழுக்கம் என்று நாலைந்து பத்தி பார்ப்பார்கள். ஒழுக்கம் என்ற பத்தியில் சிவப்பு இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

சரி, இரண்டு பேர் கதை சொல்கிறேன். பெயரும் யூனிட்டும் வேண்டாம்.

முதல் ஆள் தேனிப் பக்கம். மூன்று ரெட் இங்க். முதலாவது, லீவு முடிந்து பதினோரு நாள் லேட். மனைவிக்குக் கரு கலைந்திருந்தது. "ஒரு தந்தி கொடுத்திருக்கக் கூடாதா?" என்று சி.ஓ. கேட்டார். கொடுத்திருக்கலாம்தான், அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாவது, குவார்ட்டர் கார்டில் காவல் நிற்கும்போது குடித்திருந்தார். இதை நான் சின்னத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆயுதக் கொட்டடி இருக்கிற இடம் அது. காவலுக்கு நிற்பவனை நம்பித்தான் மற்றவர்கள் தூங்குகிறார்கள். மூன்றாவது, மறுபடியும் லீவு. இந்த முறை ஜம்மு வரை வந்துவிட்டு, அங்கே குடித்துவிட்டு, நான்கு நாள் கழித்து மேலே ஏறி வந்தார்.

அதற்கப்புறம் அவர் குடியை விட்டார். எப்படி விட்டார் என்று யாருக்கும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. நான் பார்த்தது ஒன்றுதான். ஹவில்தாருக்கு ஒரு படி கீழே இருக்கிற நாயக் ஆன பிறகு, மேலே போஸ்ட்டில் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காவலில் நிற்கிற பையனைப் பார்த்துவிட்டு வருவார். அது அவர் முறை இல்லாத நாளிலும் நடக்கும். கேட்டால், "அந்த நேரத்துல மனசு எங்க போகும்னு எனக்குத் தெரியும் கிளார்க் சாப்" என்பார். ஒன்பது வருடம் ஒரு கறுப்பு மை கூட விழவில்லை. ஆனாலும் ஹவில்தார் ஆகவில்லை. நாயக்காகவே வீட்டுக்குப் போனார்.

இரண்டாவது ஆள் ஹவில்தார். ட்ரில்லில் கெட்டி, பட்டாலியனுக்காக ஹாக்கி ஆடியவர், ரிப்போர்ட் எல்லாம் முதல் தரம். கண்டக்ட் ஷீட் வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஒருநாள் தர்மபுரிப் பையன் ஒருவனை, கூப்பிட்டதும் ஓடி வரவில்லை என்பதற்காக, காதோடு சேர்த்து அறைந்தார். ஒன்று இல்லை, நாலைந்து. பையனுக்கு இருபது வயது. காதில் ரத்தம் வந்தது, செவிப்பறை கிழிந்துவிட்டது.

ராணுவச் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. 47-ஆம் பிரிவு, கீழே இருப்பவனை அடிப்பது, கொடுமைப்படுத்துவது. ஏழு வருடம் வரை சிறை. லீவு முடிந்து வராமல் இருந்தால் அதிகபட்சம் மூன்று வருடம்தான். அதாவது சட்டம் எழுதியவர்களுக்கு எது பெரிய தப்பு என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் என் சர்வீஸில் லீவு லேட்டுக்கு சார்ஜ் ஷீட் அடித்து அடித்து விரல் தேய்ந்தது. 47-க்கு அடித்தது ஒரே ஒரு முறை.

லீவு லேட்டை மறைக்க முடியாது, கேட்டில் தேதி போட்டிருக்கும். குடித்தவன் வாயை ஊதச் சொன்னால் தெரிந்துவிடும். கீழே இருப்பவனை அடித்தால் சாட்சி யார்? அடி வாங்கியவன், அவன் பக்கத்துக் கட்டில்காரன். இரண்டு பேரும் நாளைக்கு அதே ஹவில்தாரிடம்தான் லீவு கேட்கவேண்டும். அதனால் அந்த மாதிரித் தப்பு தாளில் ஏறுவதே இல்லை. எனவே "தப்பு செய்தவனுக்கு ப்ரமோஷன் கொடுக்கலாமா" என்று கேட்டால் நமக்குக் கிடைப்பது "தப்பு தாளில் ஏறியவனுக்குக் கொடுக்கலாமா" என்ற கேள்விக்கான பதில்தான். இரண்டும் ஒன்று இல்லை.

என் பதில் இதுதான். தனக்கும் தன் கடமைக்கும் எதிராகத் தப்பு செய்தவனுக்கு, காலம் கடந்து ஆள் மாறியிருந்தால் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். கையில் இருக்கிற அதிகாரத்தை வைத்து, திருப்பி அடிக்க முடியாத ஆளை, அவன் ஜூனியர் சிப்பாயாக இருந்தாலும் சீருடை இல்லாத ஊர்க்காரனாக இருந்தாலும், பலமாகக் காயப்படுத்தியவனுக்குக் கொடுக்கக்கூடாது. இருபது வருடம் ஆனாலும் சரி. ஸ்ட்ரைப், அதாவது சட்டைக் கையில் ஏறும் பதவிப் பட்டை, உழைத்ததற்குக் கொடுக்கிற போனஸ் இல்லை. "இந்தப் பத்துப் பேரை உன் கையில் தருகிறேன்" என்று சொல்வது. பத்துப் பேரைக் கெடுத்தவனிடம் முப்பது பேரை எப்படிக் கொடுப்பது?

"அப்போ அவன் குடும்பம் என்ன ஆகும், சம்பளம்?" என்று பின்னூட்டத்தில் கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு எம்.ஏ.சி.பி. என்று ஒரு சம்பள உயர்வுத் திட்டம் வந்தது. பதவி ஏறாவிட்டாலும் 8, 16, 24 வருடங்களில் அடுத்த பதவியின் சம்பள நிலை கிடைக்கும். ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் அதற்கும் குறுக்கே வரும்தான். ஆனால் நான் சொல்ல வருவது, பணத்தையும் ஆட்களையும் பிரித்துவைக்க ஏற்கெனவே வழி இருக்கிறது. சம்பளம் கொடுங்கள், ஆட்களைக் கொடுக்காதீர்கள்.

திருந்தியவனுக்கு வழி விடுவது ஏதோ என் இளகிய மனசு என்று நினைக்கவேண்டாம். சட்டத்திலேயே இருக்கிறது. 122-ஆம் பிரிவு, காலவரம்பு பற்றியது. பெரும்பாலான குற்றங்களுக்கு மூன்று வருடத்துக்குள் கோர்ட் மார்ஷல் தொடங்கவேண்டும். படையை விட்டு ஓடிப்போனதற்கு அந்த வரம்பு கிடையாது. ஆனால் அதே பிரிவில் கொஞ்சம் கீழே போனால் ஒரு வரி வரும். ஓடிப்போன சிப்பாய் அதற்கப்புறம் மூன்று வருடம் தொடர்ந்து மெச்சத்தக்க சேவை செய்திருந்தால், போர்க்கள நேரத்தில் ஓடியவனாக இல்லாதவரை, அவன்மேல் விசாரணையே தொடங்கக்கூடாது. ஓடிப்போனவனுக்கே இந்தச் சலுகை! அதை முதல் தடவை படித்தபோது எனக்கு நம் தேனிக்காரர் ஞாபகம்தான் வந்தது.

நாலு ரெட் இங்க் விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பாரக்கில் எல்லோரும் நம்புவோம். அனுப்பியும் இருக்கிறார்கள். 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் எண்ணிக்கையை வைத்து வெளியேற்றக்கூடாது, என்ன தப்பு, எத்தனை வருட சர்வீஸ், எவ்வளவு கஷ்டமான இடங்களில் இருந்தான் என்பதையெல்லாம் விசாரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டது. வேலையை விட்டு அனுப்புவதற்கே இவ்வளவு பார்க்கவேண்டும் என்றால் ப்ரமோஷனுக்கும் பார்க்கலாம்தானே? எண்ணுவது சுலபம், என்னைப் போல ஒரு கிளார்க் போதும். படித்துப் பார்க்கத்தான் ஆபீசர் வேண்டும்.

மேல்மட்டத்துக்குப் போனால் விஷயம் இன்னும் மோசம். ஆபீசர்கள்மேல் குற்றச்சாட்டு இருந்தால் டி.வி. பேன் (ஒழுங்கு, கண்காணிப்புத் தடை) போட்டு ப்ரமோஷனை நிறுத்திவைக்கும் முறை இருக்கிறது. அதற்கு முதலில் யாராவது கோப்பைத் திறக்கவேண்டும். பத்ரிபல் என்று காஷ்மீரில் ஓர் ஊர். 2000 மார்ச்சில் அங்கே ஐந்து பேரைச் சுட்டுவிட்டு வெளிநாட்டுத் தீவிரவாதிகள் என்றார்கள். அவர்கள் உள்ளூர் ஆட்கள், அது போலி மோதல் என்று சி.பி.ஐ. சொன்னது, 2006-இல் ஐந்து ராணுவத்தினர்மேல் குற்றப்பத்திரிகையும் போட்டது. யார் விசாரிப்பது என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2012-இல் ராணுவமே எடுத்துக்கொண்டது. 2014 ஜனவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று மூடிவிட்டார்கள். சிவப்பு மை எங்கே விழும்?

இலங்கையை எடுக்காமல் இந்தப் பதிலைத் தமிழில் முடிக்க முடியாது. 2009 கடைசிப் போரில் 58-ஆம் டிவிஷனை நடத்தியவர் சவேந்திர சில்வா. அந்த மாதங்களில் வன்னியில் நடந்தவை பற்றி ஐ.நா. அறிக்கைகள் வந்து, விசாரணை வேண்டும் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது, 2019 ஆகஸ்டில் அவரைத் தரைப்படைத் தளபதி ஆக்கினார்கள். அவர்மேல் எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, கொழும்பு அரசும் மறுத்தே வந்தது. உண்மைதான், நிரூபிப்பதற்கு முதலில் வழக்கு நடக்கவேண்டுமே. அடுத்த மாதமே ஐ.நா., மிகவும் தவிர்க்கமுடியாத இடங்களைத் தவிர, இலங்கைத் தரைப்படையை அமைதிப்படைக்கு எடுப்பதை நிறுத்தியது.

இது மற்றவர்களுக்கு ராஜதந்திரச் செய்தி. பென்ஷன் வந்த சிப்பாய்க்கு வேறு மாதிரிப் படும். யு.என். மிஷன் என்றால் ஒரு சிப்பாய்க்கு வீட்டுக்கு மேல் ஒரு மாடி, தங்கைக்குக் கல்யாணம். எங்கள் பட்டாலியனில் காங்கோ போய் வந்தவர்கள் கட்டிய வீடுகளை இன்றும் காட்டுவேன். மேலே ஒருவருக்குக் கொடுத்த நட்சத்திரத்துக்கு, கீழே எங்கோ அனுராதபுரத்தில் ஒரு பையனின் மாடி வீடு போயிருக்கும். அவனுக்கும் வன்னிக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. 2020 பிப்ரவரியில் அமெரிக்கா, சவேந்திர சில்வாவைத் தன் நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. அந்த டிசம்பரிலேயே அவரை முழு ஜெனரலாக உயர்த்தினார்கள்.

அமெரிக்கா யோக்கியமா என்று கேட்காதீர்கள், அந்தக் கதை பெரிது. வியட்நாம் போரில் அமெரிக்க சிப்பாய்கள் செய்த மை லாய் படுகொலையை மறைத்த விவகாரத்தில், அந்த டிவிஷனை நடத்திய மேஜர் ஜெனரல் சாமுவேல் காஸ்டரின் ஒரு நட்சத்திரத்தைப் பறித்து பிரிகேடியர் ஜெனரல் ஆக்கினார்கள், ஒரு பதக்கத்தையும் பிடுங்கினார்கள். ஜெயில் இல்லை, அதுவே போதாது என்பவர்கள் உண்டு. ஆனால் மறைத்ததற்காக ஒரு ஜெனரல் ஒரு படி கீழே இறங்கினார் என்பது எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம்.

ஏனென்றால் தர்மபுரிப் பையனின் இன்ஜுரி ரிப்போர்ட்டை டைப் அடித்தது நான். "குளியலறையில் வழுக்கி விழுந்ததால் காதில் அடி." கம்பெனி சுபேதார் சாப் பக்கத்தில் நின்று சொன்னார், நான் அடித்தேன். "ஒரு அறைக்காக ஒருத்தன் ப்ரமோஷனைக் கெடுக்கணுமாப்பா?" என்றார். பையன் இங்கிலீஷ் தெரியாமல் கையெழுத்துப் போட்டான். அடித்தவர் அடுத்த வருடம் நாயிப் சுபேதார் ஆனார். பையனுக்குக் காது கேட்பது குறைந்து ஷேப்-1 என்கிற முழு உடல்தகுதி நிலை போய்விட்டது. பின்னாளில் அவன் முறை வந்தபோது மெடிக்கலில் நின்றான். எனக்கும் அதே வருடம்தான் ஹவில்தாருக்கான மூன்றாவது ஸ்ட்ரைப் வந்தது. என் கண்டக்ட் ஷீட்டும் வெள்ளைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் போன் செய்தான். ஊனப் பென்ஷனுக்கு விண்ணப்பித்தானாம், காயம் சர்வீஸால் வந்தது இல்லை, குளியலறையில் வழுக்கி விழுந்தது என்று ரிப்போர்ட்டைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "அண்ணே, அந்தப் பேப்பர் நீங்க அடிச்சதுதானே?" என்று கேட்டான். சத்தமாகப் பேசினேன், அவனுக்கு ஒரு பக்கம்தான் கேட்கும். நடந்ததை நடந்தபடி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வழக்கு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. போன வாய்தாவுக்கு நானும் போயிருந்தேன், கூப்பிடவில்லை.