கஞ்சித் தண்ணீரும் தடுப்பூசியும்

கேள்வி: குடியாத்தம் அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். நோய் பரவுவதையும், தடுப்பூசி பலன் தருகிறது என்று எப்படி அறிகிறார்கள் என்பதையும் இரண்டு பாடவேளைகளில், செலவின்றி விளக்க முடியுமா?

பதில்: முடியும். நாற்பது மாணவர்களுக்கும் அரைக் குவளைத் தண்ணீர் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும், அவருக்கே தெரியாமல், நன்கு ஆறிய தெளிந்த கஞ்சித் தண்ணீர். ஒவ்வொருவரும் மூன்று முறை, வெவ்வேறு ஆட்களுடன், தண்ணீரை ஒன்றாகக் கலந்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, யாருடன் எந்த முறை கலந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளட்டும். யாரும் அதைக் குடிக்கக் கூடாது. பிறகு ஆய்வகத்து அயோடின் கரைசலை நீங்களே ஒவ்வொரு குவளையிலும் ஒரு சொட்டு விடுங்கள். எட்டுக் குவளைகள் வரை நீலமாகும்.

தொற்று யாரிடம் தொடங்கியது என்று குறிப்புகளைக் கொண்டு பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். முதல் முறை கலந்த இருவர் வரைதான் போக முடியும்; அவ்விருவரில் யார் என்பதைக் குறிப்பு மட்டும் சொல்லாது. கலப்பதற்கு முன்பே ஒவ்வொரு குவளையிலிருந்தும் சிறிது எடுத்து வைத்திருந்தால் சொல்லியிருக்கலாம் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். நோய்ப்பரவல் ஆய்வில் மாதிரி சேகரிப்பது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் அறியேன். ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள்.

அடுத்த சுற்றில் முப்பது குவளைகளை மூடிவிடுங்கள். முன்போலவே நாற்பது பேரும் இணை சேரட்டும்; ஆனால் இணையில் ஒருவரின் குவளை மூடியிருந்தாலும் அந்த முறை கலக்கக் கூடாது. கஞ்சி பெரும்பாலும் ஓரிருவரோடு நின்றுவிடும், மூடாதவர்களிலும் பலர் தப்புவார்கள். ஆனால் உண்மையான தடுப்பூசி இவ்வளவு முழுமையான மூடி அன்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தற்ற திரவமும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்குச் சற்று மேல் குறைந்தது என்ற முடிவு 2014இல் வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்தையே கொடுத்திருந்தால் இந்தக் கணக்கை எப்படிப் போட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாமல், இரண்டாம் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.