மனு பார்க்கப் போகிற பஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

குன்னூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சபையின் சிறை ஊழியக் குழுவில் சேரச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அப்பா, "தப்பு பண்ணினவனைப் போய்ப் பார்க்கிறதுக்கு, அவனால பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போ" என்கிறார். நண்பன் ஒருவன், "மதம் மாத்தப் போறியா?" என்று கேட்டான். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. உள்ளே போய் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. பல வருடங்களாகப் போகிறவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

கே., குன்னூர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சொல்வதில் பாதி சரி. பாதிக்கப்பட்டவர்கள் வீட்டுக்கும் போகத்தான் வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பேர் அதை மட்டுமே செய்கிறார்கள். கதவைத் திறக்காத வீடும் உண்டு, திட்டி அனுப்பிய வீடும் உண்டு. அப்படியும் போகிறார்கள்.

ஆனால் "தப்பு பண்ணினவன்" என்று அப்பா சுலபமாகச் சொல்லிவிட்டார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய 4 பேரில் 3 பேர் விசாரணைக் கைதிகள். தப்பு செய்தாரா இல்லையா என்று கோர்ட் இன்னும் சொல்லாதவர்கள், வாய்தா வாய்தாவாகப் போய் வருகிறவர்கள். நம் மலையில் உள்ள கிளைச் சிறைகளில் நீங்கள் பார்க்கப்போவதும் பெரும்பாலும் ரிமாண்டில் இருக்கிறவர்களைத்தான்.

நண்பர் கேட்டதற்கு என் பதில் இது. எழுந்து போக முடியாத இடத்தில் இருக்கும் ஒருவரைப் பிடித்து வைத்து மதம் பேசக் கூடாது. பாடுவோம், ஜெபிப்போம். விருப்பம் உள்ளவர் வந்து உட்காருவார். மற்றவர்களோடு ஊர்ப்பேச்சு பேசிவிட்டு வருவோம்.

உள்ளே போனால் என்ன கேஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கோவை சிறையில் ஒருமுறை, சித்திரை வெயிலில், நம் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, இந்த வருஷம் பனி விழுந்து தேயிலை கருகிடுச்சா?" அரை மணி நேரம் உறைபனியைப் பற்றியே பேசினோம். எந்தச் சரிவில் முதலில் கருகும், எந்தச் செடி தப்பும் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ஆனால் தம்பி, இந்த ஊழியத்தில் உள்ளே நடப்பது கொஞ்சம்தான். பெரிய பங்கு வெளியே இருக்கிறது. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் அம்மா, கொழுந்து பறிக்கிறவர். சிறையில் இருக்கும் மகனைக் கீழே கோவைக்கு மாற்றிவிட்டார்கள். மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்க, போக வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் செலவு தனி. அதைவிட, தனியாகக் கோயம்புத்தூர் போய் அவருக்குப் பழக்கமே இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லித் துணைக்குக் கூப்பிடவும் வெட்கம். நான் கூடப் போனேன். அவர் மடியில் ஒரு பொட்டலம் வர்க்கி, நம் ஊர் மொறுமொறு பிஸ்கட். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும்போதும் அதை நசுங்காமல் பிடித்திருந்தார். உள்ளே வாங்கமாட்டார்கள் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. திரும்பி வரும்போதும் அந்தப் பொட்டலம் மடியிலேயே இருந்தது. குஞ்சப்பனை தாண்டி குளிர் ஏறியதும் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். "அவனுக்கு இது பிடிக்கும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்று நான் செய்த ஜெபம் எல்லாம் அந்த பஸ்ஸில்தான்.

வேதத்தில் இரண்டாம் தீமோத்தேயு முதல் அதிகாரத்தில், சிறையிலிருந்து பவுல் எழுதும்போது, தன்னைத் தேடி வந்த ஒநேசிப்போரு என்ற ஒருவரை நினைக்கிறார். "என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவில்லை" என்று எழுதுகிறார். அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் இதில் இருக்கிறேன். விலங்கு ஒருவர் கையில்தான், வெட்கம் வீடு முழுக்க இருக்கிறது.

சிறையும் கைதிகளின் குடும்பங்களும் நம் மலைக்குப் புதிதும் இல்லை. 1860களில், மலேரியா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத் தோட்ட வேலைக்கு வெள்ளைக்காரர்கள் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து நடுவட்டத்தில் அடைத்தார்கள். அந்தச் சிறை இப்போதும் அங்கே நிற்கிறது. தண்டனை முடிந்து அங்கேயே தங்கியவர்கள் தமிழ்ப் பெண்களைக் கட்டி, காய்கறி போட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் குடும்பங்களை நினைத்துக்கொள்வேன்.

அப்புறம், ஜாமீன். இதில் உங்கள் கணக்கு எழுதுகிற கை எங்களுக்கு வேண்டும். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருக்கிறவர்கள் நிறைய. வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள், அவர்களிடம் வீட்டு வரி ரசீதோ சொத்துக் காகிதமோ கேட்பார்கள். லயனில் இருப்பவருக்கு வீடு எஸ்டேட்டுடையது, ரசீது எங்கிருந்து வரும்? சொந்தக்காரர்களும் பக்கத்து லயனில்தான் இருப்பார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சொல்லியிருக்கிறது. இது அந்தக் குடும்பத்துக்கும் தெரியாது, பல நேரம் நம் சபைக்கும் தெரியாது. சிறையில் இருப்பவருக்கு வக்கீலை இலவசமாகத் தர சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். யாருக்கு எந்தத் தேதியில் ஜாமீன் ஆனது, யார் இன்னும் உள்ளே என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை.

வாங்க தம்பி. அப்பாவிடம் சொல்லிவிட்டே வாங்க. அந்த அம்மா அடுத்த வாரம் மறுபடி கீழே போகிறார், எனக்கு அன்று முடியாது. ஆதார் அட்டை இருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். வர்க்கி வேண்டாம் என்று மட்டும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா